கப்பலின் இரண்டு கடிகாரங்கள்



பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் கிளிஞ்சல்கள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததென்பதற்குச் சான்று. அந்தக் கடல் என்றோ பின்வாங்கிவிட்டது. ஆயினும், கடலைத் தேடி நம்மவர் சென்ற காலம் மிகத் தொலைவில் இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் நாகப்பட்டினம் சென்று கப்பலேறி, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பிழைப்புத் தேடியவர்கள் நம் தமிழகத்துச் சிற்றூர்களில் பலர். அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களுள் பெயர் பெற்றது ‘ரஜூலா’. 1926இல் கட்டப்பெற்ற அக்கப்பல், போர்க்காலம் நீங்கலாக, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கிடையே மக்களைச் சுமந்தது.

என் பெரியப்பா ஒருவர் அக்கப்பலில்தான் போனார். 1970இல் அதிலேயே திரும்பி வந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. நாகப்பட்டினத்தில் இறங்கித் திருச்சி வந்து, அங்கிருந்து ரயிலேறி அரியலூரில் இறங்கியவரை மாட்டுவண்டி பூட்டிச் சென்று அழைத்து வந்தோம். அவர் கையில் ஒரு கடிகாரம் இருந்தது. எங்கள் வீட்டில் கடிகாரமே இல்லாத காலம் அது. மறுநாள் பள்ளிக்கூடத்து மணி ஒன்பது அடித்தபோது நான் அவர் கையை எட்டிப் பார்த்தேன். கடிகாரம் பதினொன்று காட்டியது.

“பெரியப்பா, உங்கள் கடிகாரம் தவறாக ஓடுகிறதே?” என்றேன்.

“இல்லை தம்பி, அது சரியாகத்தான் ஓடுகிறது. அது அங்கே இருக்கிறது, நான்தான் இங்கே இருக்கிறேன்” என்றார்.

அன்று எனக்கு அது விளங்கவில்லை. பிற்காலத்தில் ஆசிரியனாகிப் பூகோளம் கற்பித்தபோதுதான் அந்த விடையின் உட்பொருள் விளங்கிற்று. அதையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பூமி ஒருமுறை தன்னைத்தானே சுற்ற 24 மணி ஆகிறது. ஒரு சுற்று 360 பாகை. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருப்பவனுக்குக் கதிரவன் முன்னே உதிக்கிறது. மேற்கே இருப்பவனுக்குப் பின்னே உதிக்கிறது. அரியலூருக்கு உச்சியில் வந்த ஞாயிறு, மேற்கேயுள்ள பெரம்பலூருக்கு உச்சியில் வர ஏறத்தாழ முக்கால் நிமிடம் ஆகிறது. கதிரவனைக் கேட்டால், அடுத்தடுத்த இவ்விரண்டு ஊர்களுக்குங்கூட மணி ஒன்றல்ல.

ஊருக்கொரு மணி வைத்துக்கொண்டால் ரயில் ஓடுவது எங்ஙனம்? சென்னை வானாய்வுக்கூடத்தில் 1802இல் கோல்டிங்காம் என்பவர் சென்னையின் நேரத்தைக் கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது என்று கணித்தார். பின்னாளில் இந்தியாவின் ரயில்கள் அச்சென்னை நேரத்தையே பின்பற்றின. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று, 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அது கிரீனிச்சைவிட 5½ மணி முந்தியது. நம் பெரம்பலூர் அந்த ரேகைக்கு மேற்கே 3½ பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. ஆதலால் நம் ஊர்க் கதிரவன், நம் சுவர்க் கடிகாரத்துக்குச் சராசரியாக 14½ நிமிடம் பிந்தியே உச்சிக்கு வருகிறது.

இதனை நீங்களே சோதித்தறியலாம். பள்ளித் திடலில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் மிகச் சுருங்கும் வேளையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 12 மணியாக இராது. பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 12-28 ஆக இருக்கும். நவம்பர்த் தொடக்கத்தில் 12-க்குச் சற்று முன்னதாகவே நேர்ந்துவிடும். பூமி கதிரவனைச் சுற்றும் பாதை முழு வட்டமன்று. பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. இவையே அம்மாறுதலுக்குக் காரணம்.

இனி, கப்பலுக்கு வருவோம். நிலத்தில் இருப்பவனுக்கு நேரம் ஓரிடத்தில் நிற்கிறது. கப்பலில் செல்பவனுக்கோ நேரமும் உடன் நகர்கிறது. மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பல் ஒரு நாளில் 288 கடல் மைல் கடக்கும். நம் பகுதியில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 59 கடல் மைல். எனவே ஒரு நாளில் ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவாகக் கப்பல் நகரும். அதனை நான்கால் பெருக்குங்கள்; ஏறத்தாழ 20 நிமிடம். நம் முன்னோர் கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே கிழக்கே செல்லும் கப்பலில் நாள்தோறும் ஒரு நாழிகைக்குச் சற்றுக் குறைவான பொழுது கழிந்துபோகும். மேற்கே வரும் கப்பலில் அவ்வளவு பொழுது கூடும்.

இதற்கேற்பக் கப்பலின் மணியை மாற்றும் அதிகாரம் கப்பல் தலைவருக்கே உரியது. பெரும்பாலும் இரவில், பயணிகள் உறங்கும் வேளையில், கடிகாரத்தை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்திவிடுவார்கள். காலையில் மணியடித்ததும் அனைவரும் எழுவார்கள். உணவு மணி அடித்ததும் உண்பார்கள். சில நாளில் துறைமுகம் வரும். அப்போது கப்பலின் மணியும் அந்நாட்டு மணியும் ஒன்றாயிருக்கும். எப்போது மாறினோம் என்பதே பயணிக்குத் தெரியாது.

கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசன், 1914 மார்ச்சு 17ஆம் நாள் சென்னையில் ‘நெவாசா’ என்னும் கப்பலேறி, ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். நம் நாட்டு மணிக்கும் இங்கிலாந்தின் மணிக்கும் இடையேயுள்ள 5½ மணியை அவர் 28 நாட்களில் கடந்தார். நாளொன்றுக்குச் சராசரி 12 நிமிடந்தான். இன்று அதே தொலைவை வானூர்தியில் ஒரே நாளில் கடப்பவர், அந்த 5½ மணியையும் ஒரே நாளில் சுமக்கிறார். நள்ளிரவில் பசிக்கிறது, நண்பகலில் உறக்கம் வருகிறது.

ஏன் அப்படி? நம் உடலினுள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரமும் வீட்டுக் கொல்லைப் புளியமரமும் மாலையில் இலை கூம்புவதைக் கண்டிருப்பீர்கள். 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மெரான், அவ்வாறு இலை கூம்பும் செடியொன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் அது வேளை தவறாமல் விரிந்து கூம்பியது. உயிரினுள்ளேயே கடிகாரம் உண்டு என்பதற்கு அது முதற்சான்றாயிற்று. அக்கடிகாரம் உயிரணுக்களில் இயங்கும் முறையை விளக்கியமைக்காகவே ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. மனிதருக்கு அதன் தலைமை நிலையம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. கண்ணில் படும் பகலொளியைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் நாளொன்றுக்கு ஒரு மணியளவே அதனால் நகர முடியும். கப்பல் கேட்டது 20 நிமிடம். உடல் எளிதாகத் தந்தது. வானூர்தி ஒரே நாளில் பல மணிகளைக் கேட்கிறது. உடல் தவணை கேட்கிறது.

ஒளி மட்டுமன்று, உடனிருப்போரும் கடிகாரமே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் குகை வௌவால்களை ஆராய்ந்து 1981இல் ஓர் அரிய முடிவை வெளியிட்டனர். இருண்ட குகையில் அடைத்து வைத்த வௌவால், தன் இனத்தார் வந்துபோகும் குகையில் இருந்தவரை வேளை தவறவில்லை. தனித்து விடப்பட்டபோது அதன் வேளை சிறிது சிறிதாக விலகிப் போயிற்று. கப்பலிலும் ஒருவர் எழ மற்றவர் எழுந்தனர்; ஒருவர் உண்ண மற்றவர் உண்டனர். அதுவும் அவர்களுடைய உடற்கடிகாரத்தைத் திருத்தியிருக்கும்.

இதில் உங்களுக்கொரு படிப்பினை உண்டு. விடுமுறையில் நள்ளிரவு வரை விழித்திருந்து காலை ஒன்பது மணிக்கு எழுகிறீர்கள். பள்ளி திறக்கும் நாளன்று ஐந்து மணிக்கு எழ முயன்று தலைவலியோடு வகுப்பில் அமர்கிறீர்கள். பெரம்பலூரை விட்டு நகராமலே வேறொரு நாட்டு மணிக்கு மாறி, ஒரே இரவில் திரும்பிவர முயல்கிறீர்கள்! கப்பல் தலைவரைப் பின்பற்றுங்கள். பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே, நாளுக்கு இருபது நிமிடம் முன்னதாகப் படுத்து, இருபது நிமிடம் முன்னதாக எழுங்கள். எழுந்ததும் வெளியே வந்து இளவெயிலில் நில்லுங்கள். தேர்வுக் காலத்துக்கும் இதுவே வழி. உடலைத் துரத்தாதீர்கள், நடத்திச் செல்லுங்கள்.

கப்பலில் மாறும் கடிகாரம் ஒன்று உண்டென்றேன். மாறாத கடிகாரம் ஒன்றும் உண்டு. அது குரோனோமீட்டர் எனப்படும் நுட்பமான கருவி. தச்சுத் தொழிலில் பயின்ற ஜான் ஹாரிசன் என்னும் ஆங்கிலேயர் வாழ்நாளெல்லாம் உழைத்து, கடலின் ஆட்டத்திலும் பிழைபடாத கடிகாரத்தைச் செய்தார். 1761இல் அது ஜமைக்கா நோக்கிய பயணத்தில் சோதிக்கப்பெற்றது. பின்னர் அதன் வழிவந்த குரோனோமீட்டர்களைக் கப்பல் எத்திசை சென்றாலும் திருத்தமாட்டார்கள். அவை கிரீனிச் நேரத்தையே காட்டும். கதிரவன் உச்சிக்கு வரும் வேளையில் மாலுமி அதைப் பார்ப்பார். இங்கே நண்பகல், அங்கே காலை எட்டு என்றால், வேறுபாடு நான்கு மணி. நான்கைப் பதினைந்தால் பெருக்கினால் 60 பாகை கிழக்கே இருக்கிறோம் என்பது தெளிவாகும். இன்று செயற்கைக்கோள்கள் இடத்தைக் காட்டுகின்றன. அவையும் நுட்பமான காலக் கணக்கைக் கொண்டே காட்டுகின்றன.

எண்ணிப் பாருங்கள். மாறும் கடிகாரம் இல்லாவிடில் கப்பலில் வாழ முடியாது. மாறாத கடிகாரம் இல்லாவிடில் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. இரண்டும் வேண்டும்.

இப்போது என் பெரியப்பாவின் கைக்கடிகாரத்துக்கு வருகிறேன். அக்காலத்தில் மலேசிய மணி நம் மணியைவிட இரண்டு மணி முந்தியிருந்தது. பெரியம்மாவும் அண்ணன்மாரும் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் இருந்தனர். “கப்பலில் எல்லோரும் கடிகாரத்தைத் திருத்தினார்கள். உண்ணவும் உறங்கவும் நானும் அவர்களோடு மாறிக்கொண்டேன். இதை மட்டும் தொடவில்லை” என்றார். விடியலுக்கு முன் நான்கு மணிக்கு விழித்துக்கொண்டால், “அங்கே பெரட்டு மணி அடித்திருப்பார்கள், உன் பெரியம்மா வேலைக்குப் புறப்பட்டிருப்பாள்” என்பார்.

எங்கள் பாட்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, “அங்கே பிள்ளைகள் விளக்கு வைத்துவிட்டார்களா அப்பா?” என்று நாள்தோறும் மகனைக் கேட்பாள். அவர் கடிகாரத்தைப் பார்த்து, “வைத்திருப்பார்கள் அம்மா” என்பார்.

மூன்று மாதம் கழித்துப் பெரியப்பா புறப்பட்டுப் போனார். மறுநாள் மாலை பாட்டி அதே கேள்வியை என்னைக் கேட்டாள். நான் பள்ளி மணியை நினைவில் கொண்டு இரண்டைக் கூட்டி, “வைத்திருப்பார்கள் பாட்டி” என்றேன். கூட்டல் கணக்குக்கு ஒரு பயன் உண்டென்று நான் அறிந்த நாள் அது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாட்டி மறைந்தபோது அரியலூருக்குச் சென்று தந்தி கொடுத்தார்கள். அன்று இரவும் நான் இரண்டைக் கூட்டிப் பார்த்தேன். பெரியப்பா அதன்பின் வரவேயில்லை.

இன்று சிங்கப்பூரின் மணியும் மலேசியாவின் மணியும் நமக்கு 2½ மணி முந்தியவை. 1982 தொடக்கத்திலிருந்து இவ்வாறு இருந்து வருகின்றது. துபாயின் மணி நமக்கு 1½ மணி பிந்தியது. உங்களுள் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் அவ்வூர்களில் உழைக்கிறார்கள். நாளை உங்களுள் பலரும் செல்வீர்கள். சென்ற இடத்து வேளைக்கு எழுந்து, அவ்வூரார் உண்ணும்போது உண்டு, அவர்களோடு உழையுங்கள். அது மாறும் கடிகாரம். ஆனால் புறப்பட்ட ஊரின் மணியையும் உள்ளத்தில் ஒரு புறம் திருத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவனே தான் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்பதை அறிவான்.

இங்கே இருப்பவர்களுக்கும் ஒரு சொல். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், தொலைவில் இருக்கும் உங்களவருக்கு இப்போது மணி என்ன என்று கணக்கிட்டுப் பாட்டியிடம் சொல்லுங்கள். அவள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.