பெட்ரோலில் கலக்கும் எத்தனால்: நமக்கு என்ன பயன்?



நீங்கள் மோட்டார் சைக்கிளுக்குப் போடும் பெட்ரோலில் இன்று எத்தனாலும் கலந்திருக்கிறது. இது சாராய வகையைச் சேர்ந்த எரிபொருள். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து, காய்ச்சி வடித்து, நீரை முழுவதும் நீக்கி எடுப்பது. மக்காச்சோளம், நொய் அரிசி, மரவள்ளிக் கிழங்கிலிருந்தும் எடுக்கலாம். பெட்ரோலோடு சேர்ந்து எரியும்போது நச்சுப் புகை குறைகிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கும் கச்சா எண்ணெயும் மிச்சமாகிறது.

தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு 2003-ல் தொடங்கியது. கரும்பு விளைச்சல் குறைந்ததும் திட்டம் தடங்கிப்போனது. பிறகு 2018-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, கரும்புச் சாறு, மக்காச்சோளம், மரவள்ளி இவற்றுக்கும் வழிவிட்டது. 2025-ல் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது.

இதில் மாநில அரசின் ஒத்துழைப்பு ஏன் வேண்டும்? எண்ணெய் நிறுவனங்கள் மத்திய அரசின் கையில். வடிசாலைக்கு உரிமம், மதுவிலக்குத் துறையின் கண்காணிப்பு, கழிவுநீர்க் கட்டுப்பாடு எல்லாம் மாநிலத்தின் கையில். இரண்டு கையும் சேர்ந்தால்தானே ஓசை வரும்? தமிழ்நாடு அரசு 2023-ல் எத்தனால் கலப்புக் கொள்கையை வெளியிட்டது இதற்காகத்தான்.

இனி நம்ம கணக்குக்கு வருவோம். ஒரு டன் கரும்பின் கழிவுப்பாகில் ஏறக்குறைய 10 லிட்டர் எத்தனால் கிடைக்கும். சாறு முழுவதையும் காய்ச்சினால் 70 லிட்டர். ஒரு டன் மக்காச்சோளத்தில் 350 லிட்டருக்கு மேல். 2024–25-ல் எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த விலை, கழிவுப்பாகு எத்தனாலுக்கு லிட்டர் 57 ரூபாய் 97 காசு. மக்காச்சோள எத்தனாலுக்கு 71 ரூபாய் 86 காசு. மோகனூர் கூட்டுறவு ஆலை போன்ற ஆலைகளுக்குச் சர்க்கரையோடு இன்னொரு வருமானம் வந்தால், கரும்புப் பணம் தாமதமில்லாமல் கிடைக்க வழி பிறக்கும்.

ஆனால் ஒன்று சொல்லணும். மக்காச்சோளம் வடிசாலைக்குப் போனால், நாமக்கல் கோழிப்பண்ணைக்குத் தீவன விலை ஏறும். விற்கிறவருக்கு லாபம், பண்ணைக்காரருக்குச் சுமை. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். மழை பொய்த்ததால் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு தடை போட்டது, 2024-ல்தான் நீக்கியது. ஆக, கொள்கை மாறும். கிணற்றுத் தண்ணியும் மாறும்.

ஆகவே, எத்தனால் பேச்சை மட்டும் நம்பித் தோட்டம் முழுவதும் கரும்பு நடாதீர்கள். தண்ணீர் போதாத நிலத்தில் மானாவாரி மக்காச்சோளமோ மரவள்ளியோ போதும். மக்காச்சோளத்தை ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவையுங்கள். மரவள்ளிக்கு சேகோ பேக்டரியில் மாவுச்சத்துப் பாயிண்டைப் பார்த்துத்தான் விலை. யாராவது எத்தனாலுக்கென்று கேட்டு வந்தாலும், பாயிண்ட், விலை, பணம் தரும் நாள் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே வெட்டுங்கள்.