இலவசப் பயிற்சியும் லாரித் தொழிலும்

(திமிரியில் நம் சங்கத்தார் கூட்டிய வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப் புகும் விஷயம் லாரி ஓட்டும் தொழிலாகும். கல்வியையும் உத்தியோகத்தையும் பற்றியே பேசிவந்த சங்க மேடையில் இஃது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நம் திமிரிச் சாலையில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்கு அவ்வினா எழாது. ஆற்காட்டுக்கும் ஆரணிக்கும் இடையே இரவும் பகலும் சரக்கு வண்டிகள் ஓடுகின்றன. வடக்கே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை செல்கின்றது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் தொழில் சக்கரத்தின்மேல் நிற்பதொன்று. உப்பிட்ட தோல் வந்து சேர்வதும், பதனிட்ட தோலும் பாதரட்சையும் சென்னைத் துறைமுகம் செல்வதும் லாரிகளாலேயாம். இத்துணைச் சரக்கும் நம் கண்ணெதிரே செல்ல, நம் வாலிபர் வருஷத்திற் சில மாதம் கூலியும் சில மாதம் வெறுங்கையுமாய்க் காலங்கழிப்பது தகுமோ?

இத்தொழிலுக்குப் பழைய வழி ஒன்றுண்டு. சிறுவன் கிளீனராகச் சேர்ந்து, டயர் கழற்றி, தார்ப்பாய் கட்டி, டிரைவரின் தயவிருந்தால் நள்ளிரவில் ஆளற்ற சாலையில் ஸ்டீயரிங் பிடித்துப் பழகுவான். கைதேர்ந்த ஓட்டுநர் அநேகர் இவ்வழியே வந்தனர். அவர்களை நாம் இகழோம். ஆயினும், லைசென்ஸ் இல்லாதவன் வண்டி ஓட்டினால், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டியவனும் குற்றவாளி, ஓட்டவிட்டவனும் குற்றவாளி. ஒரு விபத்து நேர்ந்துவிட்டால் ஐந்தாறு வருஷத்துப் பிரயாசை ஒரு நொடியில் வழக்காய் முடியும்.

சட்டம் வகுத்த வழியோ வேறு. 18 வயது நிரம்பியவன் இலகு ரக வாகன லைசென்ஸ் பெறலாம். போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பவேண்டும். அதற்குப் பழகுநர் லைசென்ஸ் பெறுமுன், இலகு ரக லைசென்ஸ் ஓராண்டேனும் கைவசம் இருந்திருக்கவேண்டும். ஆகையால், இன்று 18 வயதுள்ள தம்பி இவ்வருஷமே முதற்படி ஏறிவிடுதல் நலம். ஏறாமற் காத்திருப்பவனுக்குக் கம்பெனி வாயில் திறந்தாலும் உள்ளே நுழையத் தகுதியிராது.

கம்பெனியார் பயிற்சி என்பது யாது? நல்ல ஓட்டுநர் கிடைப்பது அரிதாகிவிட்டமையின், லாரி செய்வோரும் சரக்கு ஏற்றுவோரும் தாமே ஓட்டுநரைப் பழக்க முற்பட்டுள்ளனர். அசோக் லேலண்ட் கம்பெனியார் 1995இல் நாமக்கல்லில் ஓட்டுநர் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவினர். லாரித் தொழிலுக்கே பேர்பெற்ற ஊரில் அது அமைந்தது பொருத்தமே. 2021ஆம் ஆண்டு முதல், அரசாங்க அங்கீகாரம் பெற்ற நிலையங்களுக்குத் தனி விதிகள் ஏற்பட்டன. அவற்றின்படி கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரத்தில் 38 மணி நேரம். அங்கே தேறியவர்க்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக்காட்டும் சோதனையில்லை.

ஆனால், 38 மணி நேரத்தில் ஒருவன் முழு ஓட்டுநன் ஆகிவிடுவதில்லை. பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் எவ்வாறு இழுக்கும், மழையில் பிரேக் எத்துணைத் தாமதமாய்ப் பிடிக்கும் என்பன சாலையே கற்பிக்கும் பாடங்கள். ஆதலால், பயிற்சி முடிந்தபின் அநுபவசாலி ஒருவருடன் சில மாதம் அனுப்பும் கம்பெனியையே தெரிந்துகொள்ளுக.

இனி, நாம் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருவோம். கட்டணமும் உணவும் உறைவிடமும் கம்பெனியார் தருவது தருமமன்று, அது முன்பணம். இத்துணைக் காலம் எம்மிடமே உழைக்கவேண்டும், இடையில் விலகினால் இத்துணைத் தொகை செலுத்தவேண்டும் என்று கையொப்பம் வாங்குவது வழக்கம். அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்று எண்ணிக் கையெழுத்திடுவோர் உளர். அது பிழை. மூன்றாண்டு முடியுமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்ற ஒப்பந்தத்தை, விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லுபடியாக்கிற்று. அதேவேளை, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை எத்துணைப் பெரிதாயினும், நீதிமன்றம் அளிப்பது நியாயமான நஷ்டஈடே. எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு மாத்திரமே.

ஆகவே கையொப்பமிடுமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். பயிற்சிக்கு மெய்யாய் ஆகும் செலவு எவ்வளவு? எத்தனை மாதம் உழைக்கவேண்டும்? உழைத்த மாதத்துக்கேற்பக் கடன் குறையுமா? சம்பளம் மாதத்துக்கா, நடைக்கா? விபத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டா? விடைகளை எழுத்திற் பெற்று, ஒரு பிரதி வீட்டில் வையுங்கள். எக்காரணத்தாலும் அசல் லைசென்ஸையும் பள்ளிச் சான்றிதழையும் பிறர் பெட்டியில் அடகாக வைக்காதீர்கள். உழவனுக்கு ஏர் எப்படியோ ஓட்டுநனுக்கு லைசென்ஸ் அப்படியே.

நம் பகுதியார்க்குச் சிறப்பாய் ஒன்று சொல்வோம். தோல் பதனிடுதற்கு அமிலமும் பிற ரசாயனமும் வேண்டும். அபாயகரமான சரக்கு ஏற்றும் ஓட்டுநர்க்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் தனிப் பயிற்சியை விதித்துள்ளன. அப்பயிற்சியும் பெற்றவனுக்கு இத்தோல் வட்டாரத்திலேயே வேலை கிட்ட இடமுண்டு; மனைவி மக்களை விட்டு மாதக்கணக்கில் வடநாடு சுற்றவேண்டுவதில்லை. மேலும், 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. தூக்கம் கெட்டு ஓட்டுபவன் தன் உயிரையும், எதிரே வரும் ஏழையின் உயிரையும் பணயம் வைக்கிறான். அந்த அளவை மனத்திற் கொள்க.

பெரியோர்களே! இறுதியாக உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். இலகு ரக லைசென்ஸுக்குரிய சிறு செலவுக்கு வழியின்றியே பல பிள்ளைகள் முதற்படியில் நின்றுவிடுகின்றனர். கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் கடன்படும் நாம், அச்சிறு தொகையைச் சங்க நிதியிலிருந்து வட்டியின்றி முன்பணமாய்க் கொடுத்து, வேலை கிடைத்தபின் தவணையாய்ப் பெற்றுக்கொள்ளலாகாதா? ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லச் சட்டமறிந்த நண்பர் ஒருவர் மாதம் ஒருமுறை இங்கு வந்து அமரலாகாதா? இவ்விரண்டும் நடைபெறின், நம் பிள்ளைகள் கம்பெனி வாயிலில் கைகட்டி நில்லார். கேள்வி கேட்டு, விடை பெற்று, நிமிர்ந்து கையொப்பமிடுவர். அந்நிலையை இச்சங்கம் உண்டாக்குமாக!