சுவிட்ச் யார் கையில்?

(தலைப்பு: வீட்டுக்குள் வந்துவிட்ட நவீனக் கருவிகளை நாம் ஆள்கிறோமா? அவை நம்மை ஆள்கின்றனவா? 'அவையே நம்மை ஆள்கின்றன' என்ற அணியில் பேசியது.)

 

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப அழகாப் பேசினாங்க. "படுத்துக்கிட்டே 'விளக்கை அணை'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், விளக்கு தானா அணையுது. இதைவிட ஆட்சி வேற என்ன வேணும்?"னு கேட்டாங்க. நடுவர் அவர்களே, அந்த வசதி எங்க வீட்டுல இருபத்தெட்டு வருஷமா இருக்கு! என் மனைவி படுத்துக்கிட்டே "லைட்டை அணைங்க"ம்பாங்க. உடனே அணைஞ்சிடும். அந்தக் கருவிக்குத் 'தமிழ்ப் பேராசிரியர்'னு பேரு. (சிரிப்பு) இன்டர்நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். கரண்ட் போனாலும் வேலை செய்யும், எழுந்து போய் மெழுகுவத்தி தேடும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிப்பு இருக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

ஐயா, பழைய விளக்கு எப்படி எரிந்தது? சுவரில் ஒரு சுவிட்ச். தட்டினோம், எரிந்தது. எனக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு கம்பிதான் இருந்தது. இன்றைக்கு வருகிற ஸ்மார்ட் பல்பு பலவற்றில் என்ன நடக்குது? நான் செல்போனைத் தொடணும். அந்தக் கட்டளை இன்டர்நெட் வழியாக எங்கேயோ இருக்கிற கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போகணும். அது "இவர் நம்ம கணக்கு வச்சிருக்கிறவர்தானா?"ன்னு பார்க்கணும். அப்புறம் உத்தரவு திரும்பி வந்து, என் தலைக்கு மேலே இருக்கிற விளக்கு எரியணும். சொந்த வீட்டுப் பானையில் தண்ணி மொள்ள, பக்கத்து ஊர் நாட்டாமைகிட்டப் போய் அனுமதி கேட்கிற மாதிரி!

நான் தமிழ் வாத்தியார். கொஞ்சம் இலக்கணம் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது. பயப்படாதீங்க, ஒரே நிமிடம்தான். (சிரிப்பு) ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் 'கிழமை'. கிழமைன்னா திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை இல்லை. உரிமை. அதை இரண்டாகப் பிரித்தார்கள் நம் முன்னோர். 'சாத்தனது கை' என்றால் தற்கிழமை, அவனை விட்டுப் பிரியாதது. 'சாத்தனது வீடு' என்றால் பிறிதின் கிழமை, அவனுக்கு உரியது, ஆனால் அவனிலிருந்து பிரிந்து நிற்பது. இப்போ என் பையன் வாங்கி மாட்டின பல்பு எந்தக் கிழமை? காசு என்னுது. கரண்ட் பில் என்னுது. அது எரியலாமா கூடாதான்னு முடிவு பண்றது மட்டும் வேறொருத்தன்! இதற்கு இலக்கணத்தில் பேரே இல்லை ஐயா. நான் வேணும்னா 'பிறன் கிழமை'ன்னு பேர் வைக்கிறேன். (கைதட்டல்)

"பேராசிரியர் கற்பனையா பயமுறுத்துறார்"னு எதிரணியில் சொல்வாங்க. சாட்சிகளோட வந்திருக்கேன்.

முதல் சாட்சி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்பிரகாம்னு ஒரு ஊர். அங்கே மின்னச்சாக் வட்டார உயர்நிலைப் பள்ளி. மின்சாரத்தை மிச்சம் பண்ணுவதற்காகவே, கட்டிடம் கட்டும்போதே கம்ப்யூட்டர் இயக்கும் விளக்குகளைப் போட்டார்கள். 2021 ஆகஸ்டில் அந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிடுச்சு. ஏறத்தாழ 7,000 விளக்கு. ஒன்றையும் அணைக்க முடியலை! பகலும் எரியுது, ராத்திரியும் எரியுது. ஒரு வருஷத்துக்கு மேல எரிஞ்சுது. போட்டுக் கொடுத்த கம்பெனி இதற்குள் பலமுறை கை மாறிடுச்சு. அந்த அமைப்பு தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்கிறதே பெரிய பாடு. கடைசியில் வாத்தியார்கள் வகுப்பறையில் பல்பைக் கையால் கழற்றினார்கள். மிச்சம் பிடிக்க வந்த விளக்கு மிச்சம் வைக்காமல் எரிஞ்சுது ஐயா! (சிரிப்பு)

இரண்டாவது சாட்சி. ரிவால்வ்னு ஒரு பெட்டி. வீட்டு விளக்கையெல்லாம் ஒரே இடத்திலிருந்து இயக்கும். விலை 300 டாலர். "வாழ்நாள் முழுக்கச் சேவை"ன்னு சொல்லி விற்றார்கள். 2014-இல் அந்தக் கம்பெனியை கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் வாங்கியது. 2016 மே 15-ஆம் தேதி சேவையை நிறுத்திட்டாங்க. பெட்டி உடையலை, கீழே விழலை, தண்ணியில் நனையலை. நல்லா இருந்த பெட்டி ஒரே நாளில் செங்கல் ஆயிடுச்சு. வாழ்நாள்னா யாருடைய வாழ்நாள்னு கேட்காமல் வாங்கினது நம்ம தப்பு! (கைதட்டல்)

மூன்றாவது சாட்சி. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்று போயின. ஒரு கடிதம் இல்லை, ஒரு அறிவிப்பு இல்லை. செல்போனிலிருந்து விளக்கை இயக்கிக்கிட்டிருந்தவங்க திகைச்சு நின்னாங்க. பிறகு, வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கித்தான் மறுபடியும் ஓட வைத்தார்கள். பல்பு எரியணும்னா கம்பெனியையே விலைக்கு வாங்கணுமாம்! நம்மால் முடியுமா? நாம பல்பையே தவணையில் வாங்குறவங்க. (சிரிப்பு)

கம்பெனி நல்லாத்தான் நடக்குதுன்னே வச்சுக்குவோம். 2015 டிசம்பரில் பிலிப்ஸ் ஹியூ விளக்குகளுக்கு ஒரு மென்பொருள் மாற்றம் வந்தது. அதன்பிறகு வேறு கம்பெனி பல்புகள் சிலவற்றை அதில் இணைக்க முடியலை. வாங்கின மக்கள் சத்தம் போட்டார்கள். சில நாளிலேயே அந்தத் தடையை விலக்கிக்கொண்டார்கள். விலக்கியதைப் பாராட்டுகிறேன். ஆனா ஒண்ணு கேட்கிறேன். நேற்று எரிந்த விளக்கை, என் வீட்டுக்கு வராமலே, இன்னைக்கு ஒருத்தர் மாத்த முடியும்னா, ஆள்றது நானா, அவரா?

நடுவர் அவர்களே, ஊர்க் கதையெல்லாம் சொன்னேன். இப்போ எங்க வீட்டுக் கதை ஒன்று. சொல்லலாமா வேண்டாமான்னு நேற்று ராத்திரி முழுக்க யோசிச்சேன். சொல்லிடுறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகன் பொங்கலுக்கு வந்தான். பாட்டிக்கு வசதியா இருக்கட்டும்னு ஆசையா வீடு முழுக்க இந்தப் பல்பை மாட்டினான். பேசுகிற பெட்டி ஒண்ணும் வச்சான். "லைட் ஆன்"னு சொல்ல எங்கம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தான். எண்பது வயசுல எங்கம்மா இங்கிலீஷ் பேசி விளக்கேத்தினாங்க. சந்தோஷம்தான். ஆனா சுவரில் இருக்கிற சுவிட்சை அணைச்சுட்டா அந்த பல்பு செல்போனுக்கும் பெட்டிக்கும் கட்டுப்படாது. அதனால சுவிட்ச் மேல டேப்பை ஒட்டி, "பாட்டி, இதை மட்டும் தொட்டுடாதீங்க"ன்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டான்.

ஒரு நாள் தெருவில் குழி தோண்டினதில் இன்டர்நெட் கேபிள் அறுந்து போச்சு. அன்னைக்கு விடியக்காலை நாலரை மணிக்கு எழுந்து வர்றேன். கூடம் ஒரே இருட்டு. சுவரோரமா எங்கம்மா உட்கார்ந்திருக்காங்க. பதறிப் போயிட்டேன். "என்னம்மா?"ன்னேன்.

"ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தேன்ப்பா. அந்தப் பொட்டிக்கிட்ட சொல்லிச் சொல்லிப் பாத்தேன், எரிய மாட்டேங்குது. இருட்டுல விழுந்துருவேன்னு பயந்து உக்காந்துட்டேன்."

"சுவிட்சு உன் தலைக்கு மேலதானேம்மா இருக்கு?"

"பேரன் தொடாதேன்னு சொல்லிருக்கான்லப்பா. தொட்டுக் கெட்டுப் போச்சுன்னா? எம்புட்டு வெலையோ!"

"என்னையாவது எழுப்பியிருக்கலாமே?"

"காலையில காலேஜுக்குப் போற பிள்ளை..."

(அரங்கில் அமைதி)

டேப்பைக் கிழிச்சேன். சுவிட்சை ஒரு தரம் அணைச்சுப் போட்டேன். விளக்கு எரிஞ்சுது. அவ்வளவுதான் ஐயா விஷயம். நாற்பது வருஷமா அந்தச் சுவரைத் தடவி, கண்ணை மூடிக்கிட்டே விளக்குப் போட்ட கை அது. அந்தக் கையை அவங்க சொந்த வீட்டிலேயே நாங்க கட்டிப் போட்டுட்டோம். கட்டினது கம்பெனி மட்டும் இல்லை, நாங்களும்தான். ரெண்டரை மணி நேரம் எங்கம்மா இருட்டில் உட்கார்ந்தது, ஒரு பல்புக்கு மரியாதை கொடுத்து.

இந்தக் கருவியே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. கை கால் அசைக்க முடியாதவருக்குக் குரலால் விளக்கேற்றுவது பெரிய வரம். அதை யாரும் பறிக்க வேண்டாம். வீட்டுக்குள்ளேயே, வெளி இன்டர்நெட் இல்லாமல் கட்டளை நடக்க 'மேட்டர்' என்ற பொது ஏற்பாடு 2022-இல் வந்திருக்கு. இத்தனை நாள் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவோம்னு விற்கும்போதே சொல்லணும்னு பிரிட்டனில் 2024 முதல் சட்டமே இருக்கு. வழி இருக்கு. நாமதான் கேட்கணும்.

தாய்மார்களே, புடவை எடுக்கும்போது சாயம் போகுமான்னு கேட்கிறீங்க. கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீங்க. அடுத்த தடவை பல்பு வாங்கும்போதும் மூணே கேள்வி கேளுங்க. இன்டர்நெட் போனா எரியுமா? சுவர் சுவிட்சும் கூடவே வேலை செய்யுமா? கம்பெனி மூடிட்டா இது என்ன ஆகும்? பதில் சொல்லத் தெரியலைன்னா, அந்த விளக்கு உங்களுது இல்லை. நீங்க காசு கொடுத்து வாடகைக்கு எடுத்திருக்கீங்க.

நடுவர் அவர்களே, நாங்க ஆள்றோம்னு எதிரணி சொல்லுது. ஆள்றவன் யாராவது இருட்டில் உட்கார்ந்து அனுமதிக்காகக் காத்திருப்பானா? எங்கம்மா காத்திருந்தாங்க. அதனால இன்றைய நிலையில் கருவிகளே நம்மை ஆள்கின்றன என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு சேதியும் சொல்லிட்டு அமர்கிறேன். எங்க வீட்டுல அந்த பல்பு இன்னும் இருக்கு, பெட்டியும் இருக்கு. டேப் மட்டும் இல்லை.

(நீண்ட கைதட்டல்)