பிள்ளைப்பேறு பார்க்கும் கைக்கு லைசென்ஸ் எதற்கு?

(தோட்டக் கிளை மாதர் பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் போனசையும் பற்றிப் பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது பெண்கள் பேச்சு என்று ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். நாம் அத்தனை பேரும் ஒரு தாய் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற பிள்ளைகள்.

பழைய நாளில் நம் லயங்களில் இரவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால், லாந்தரைத் தூக்கிக்கொண்டு மருத்துவச்சிப் பாட்டியை அழைத்து வருவோம். பகலெல்லாம் காட்டில் வேலை செய்தவள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வருவாள். ஒரு சேலை, வெற்றிலை பாக்கு, ஒன்றிரண்டு வெள்ளி, அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த கூலி. அவள் கையில் விழுந்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்த நன்றியை நாம் மறக்கலாகாது.

ஆனால் இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. ஒரு மழை இரவில், நாங்கள் இருந்த லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. இரத்தம் நிற்கவில்லை. டிரஸர் வீட்டுக்கு ஓர் ஆள் ஓடினான். லாரிக்கு உத்தரவு கேட்க இன்னோர் ஆள் பங்களாவுக்கு ஓடினான். உத்தரவு கிடைத்து லாரி வந்தபோது விடிந்துவிட்டது. அந்தத் தாய்க்கு லாரி தேவைப்படவில்லை. பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து, "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சு பார்த்தேன் தம்பி. இதுக்கு மேல எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலையே" என்று அழுதாள்.

இதில் பாட்டியின் குற்றம் என்ன? மலேரியாக் காய்ச்சலும் கொக்கிப் புழுவும் நம் பெண்களின் இரத்தத்தை முன்பே உறிஞ்சிவிட்டிருந்தன. சோகை பிடித்த உடம்பு கொஞ்சம் இரத்தப் போக்கையும் தாங்காது. வலிப்பு வருவதற்கு முன் இரத்த அழுத்தம் ஏறுகிறது. அதை அளக்கும் கருவி பாட்டியிடம் இல்லை. சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தால் குழந்தைக்கு வில்வாத ஜன்னி வரும் என்பதையும் அவளுக்கு எவரும் சொல்லவில்லை. அவளிடம் அன்புக்குக் குறைவில்லை. பயிற்சிதான் இல்லை.

சட்டம் வந்த கதை

நம்மை ஆண்ட பிரிட்டிஷாரின் சொந்த நாட்டிலும் இதே கதைதான். அங்கும் ஏழைகள் வீட்டுப் பிரசவங்களைப் பயிற்சியில்லாத பெண்களே பார்த்துவந்தார்கள். 1902-ம் ஆண்டில் இங்கிலாந்தில் மருத்துவச்சிகள் சட்டம் பிறந்தது. அதற்கென ஒரு மத்திய வாரியமும், பதிவேடும் ஏற்பட்டன. முன்பிருந்தே தொழில் செய்துவந்த நன்னடத்தையுள்ள பெண்களும் பதிந்துகொள்ளத் தவணை கொடுத்தார்கள். 1905-க்குப் பிறகு சான்றிதழ் இல்லாதவர் மருத்துவச்சி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. 1910-க்குப் பிறகு, டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் கூலிக்காக வழக்கமாய்ப் பிரசவம் பார்க்கவும் கூடாது. ஆபத்து வேளையில் ஓடிவந்து உதவியவரை மட்டும் சட்டம் தண்டிக்கவில்லை.

சட்டம் போட்டாயிற்று, எல்லாம் தீர்ந்ததா? தீரவில்லை. ஆபத்தென்று கண்டால் டாக்டரை அழைக்க வேண்டும் என்பது விதி. டாக்டருக்குக் கட்டணம் கொடுப்பது யார்? ஏழைத் தாயா, மருத்துவச்சியா? அந்தச் செலவை ஊராட்சி கொடுக்க வேண்டும் என்று சொல்ல 1918-ல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. மருத்துவச்சிக்கு மாதச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைப்பதும், தொழிலை விட்டு விலகுவோருக்கு நஷ்டஈடு கொடுப்பதும் 1936-ம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தன. தடை போட ஒரு நாள் போதும். தடை போட்ட இடத்தில் தகுந்த ஆளை நிறுத்த 34 ஆண்டுகள் ஆயின. தோழர்களே, நம் பேச்சின் சாரமே இதுதான்.

நம் நாட்டில் 1950-களின் நடுவிலிருந்து கிராம சுகாதார சேவை பரவியது. ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்று திட்டமிட்டு, அங்கேயே அவர் தங்க வீடும் கட்டினார்கள். 1966-ல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவு பெறாதவர் இத்தொழில் செய்வது குற்றமாயிற்று. ஆயினும் மலாய்க் கம்பங்களில் இருந்த பீடான்மாரை விரட்டிவிடவில்லை. அவர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்தார்கள். பிரசவத்தை அரசாங்க மருத்துவச்சி பார்க்க, தாய்க்குத் துணையிருப்பதும் உடம்பு பிடித்துவிடுவதும் பீடானின் வேலையாக நின்றன.

பலன் என்ன? 1950-ல் மலாயாவில் லட்சம் பிறப்புக்கு 500-க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டார்கள். 1990-களில் அது 50-க்கும் கீழே வந்தது. இதைச் சட்டம் மட்டும் செய்யவில்லை. சாலையும், ஆஸ்பத்திரியும், சேமித்து வைத்த இரத்தமும், மலேரியா ஒழிப்பும் சேர்ந்தே செய்தன. 1991 முதல் தாய் மரணம் ஒவ்வொன்றையும் காரணம் கண்டறிய விசாரிக்கும் முறையும் வந்தது.

லைசென்ஸ் என்பது என்ன?

அது சுவரில் மாட்டும் அலங்காரமன்று. இவர் கற்றவர், இவருக்குப் பதிவு எண் உண்டு, தவறினால் கேட்க இடம் உண்டு என்ற உறுதிமொழி. பால்மரம் வெட்டுகிறவன் பட்டையைக் காயப்படுத்தினால் மண்டோர் உடனே கேட்கிறார். மரத்துக்கு இருந்த கேள்வி தாயின் உயிருக்கு இல்லாமல் போகலாமா?

ஆனால் தோட்டத்தைப் பொறுத்தவரை ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கம்பத்துக்கு அரசாங்கம் மருத்துவச்சியை அனுப்பியது. தோட்டமோ தனியார் நிலம். தொழிலாளியின் வைத்தியம் முதலாளியின் பொறுப்பு என்று இருந்தது. டிரஸர் இருந்த இடத்தில் வாகனம் இல்லை, வாகனம் இருந்த இடத்தில் உத்தரவு இல்லை. தடை சட்டத்தில் இருக்க, தகுந்த கை தூரத்தில் இருந்தால், அந்தச் சட்டம் ஏழைக்குப் பாதிச் சட்டமே.

இன்று மிகப் பெரும்பாலான பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. ஆயினும் தோட்டங்களில் வேலை செய்யும் அந்நிய நாட்டுப் பெண்களில் சிலர் கட்டணத்துக்கும், பத்திரம் இல்லாததால் பிடிபடுவோமோ என்ற அச்சத்துக்கும் ஒளிந்து, லயத்து அறையிலேயே பெற்றுக்கொள்கிறார்கள். நம் பாட்டிமார் பட்ட பாட்டை இவர்கள் படுகிறார்கள். அவர்கள் மொழி வேறு, வலி வேறன்று.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இவை:

முதலாவது, கர்ப்பம் தெரிந்த உடனே கிளினிக்கில் பதியுங்கள். அங்கே தரும் புத்தகத்தில் ஒட்டும் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளை என்றால் ஆபத்துக் குறைவு. பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போக வேண்டும். சிவப்பு என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. புருஷன்மாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டுக்கு வந்து பிரசவம் பார்ப்பதாகச் சொல்லும் எவரையும், "நீங்கள் பதிவு பெற்றவரா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

மூன்றாவது, இரவில் எந்த வாகனம், யார் ஓட்டுவார், எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்பதை ஆபீஸ் கதவில் எழுதி ஒட்டும்படி நிர்வாகத்தைக் கேட்போம். கிராணிமார்களே, இது உங்களால் ஒரு நாளில் ஆகக்கூடிய காரியம்.

நான்காவது, பிரசவ விடுமுறை 60 நாளாக இருந்தது, 2023 ஜனவரி முதல் 98 நாளாயிற்று. அதில் ஒரு நாளையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அன்று பாட்டி சொன்ன சொல்லை எந்தத் தோட்டத்திலும் எவரும் இனிச் சொல்ல நேரக்கூடாது. தெரிந்த கை பக்கத்தில் இருக்க வேண்டும், வாகனம் வாசலில் நிற்க வேண்டும். இவ்விரண்டையும் கேட்டுப் பெறும்வரை நமக்கு ஓய்வில்லை.