25 கிலோவுக்கு இப்பாலும் அப்பாலும்

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020 மார்ச் 24 அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் பொதுமுடக்கம் என்று அறிவித்தார். இடையே இருந்தது நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் கடைவீதிக்கு ஓடியவர்கள் இரு வகையினர். கையில் பணமும் வீட்டில் இடமும் இருந்தவர் மூட்டையாக வாங்கி வந்தார். அன்றைய கூலியில் அன்றைய அரிசியை வாங்கும் அன்றாடங்காய்ச்சி, சட்டைப்பையில் இருந்த பணத்துக்கு இரண்டு கிலோ வாங்கினார். பல இடங்களில் அதுவும் கிடைக்கவில்லை. அடுத்த சில நாட்களில் நெடுஞ்சாலைகளில் மூட்டைமுடிச்சுகளோடும் குழந்தைகளோடும் நடந்தவர்கள் இந்த இரண்டாம் வகையினரே.

வீட்டில் உணவு இருப்பு வைப்பது வசதி படைத்தோரின் கவலை, இயக்கம் அதில் தலையிட ஒன்றுமில்லை என்ற எண்ணம் தோழர்கள் சிலரிடம் உண்டு. அது பிழையான எண்ணம். வேலைநிறுத்தம் பதினைந்து நாள் நீடித்தால் தொழிலாளி வீட்டு அடுப்பு எதை நம்பி எரியும்? கதவடைப்பு, வெள்ளம், புயல், குடும்பத்தில் ஒருவர் படுத்த படுக்கையாதல் என எது வந்தாலும் முதலில் காலியாவது அரிசிப்பானைதான். அந்தப் பானை எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பொறுத்தே, கூலியைக் குறைக்கும் முதலாளி முன்பும் கந்துவட்டிக்காரர் முன்பும் அந்தக் குடும்பம் எவ்வளவு நிமிர்ந்து நிற்க முடியும் என்பது தீர்மானமாகிறது.

முதலில் கணக்கு. நான்கு பேர் உள்ள உழைப்பாளர் குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 350 கிராம் தானியம் என்று கொண்டால், மாதத்துக்கு 42 கிலோ தேவை. ஆளுக்கு 50 கிராம் பருப்பு என்றால் 6 கிலோ. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு அளிப்பது தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். நால்வருக்கு 20 கிலோ. அந்தியோதயா அட்டை இருந்தால் குடும்பத்துக்கு 35 கிலோ. ஆக, முன்னுரிமைக் குடும்பம் 22 கிலோவை ஒவ்வொரு மாதமும் சந்தையில் வாங்கியாக வேண்டும். இருப்பு என்பது அதற்கும் மேலே. பதினைந்து நாளுக்கான இருப்பு 21 கிலோ. ஒரே நாளில் அதை வாங்கத் தினக்கூலிக் குடும்பத்தால் இயலாது. ஆறு மாதத்தில் சேர்ப்பதென்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம், அதாவது இரண்டு மூன்று கைப்பிடி. பிடியரிசி எடுத்துவைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. மிசோரமிலும் சமைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் 1910 முதல் இருந்து வருகிறது. அது அங்கே திருச்சபைக்குப் போகிறது. அதே பிடி வீட்டுக்குள்ளேயே தங்கினால் ஆறு மாதத்தில் அரை மாத உணவு.

இனி விலை. குறைவாக வாங்குபவர் அதிகம் கொடுக்கிறார்: ஏழைகளின் சந்தையில் எழுதப்படாத விதி இது. கால் கிலோப் பருப்பும் நூறு மில்லி எண்ணெயும் வாங்கும் குடும்பம், கிலோக் கணக்கில் பார்த்தால் மாதச் சாமான் வாங்கும் குடும்பத்தைவிடக் கூடுதல் விலை கொடுக்கிறது. எழுதப்படாதிருந்த அவ்விதிக்கு ஒன்றிய அரசு எழுத்து வடிவமும் கொடுத்துவிட்டது. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொதிந்து முகப்புச்சீட்டு ஒட்டிய அரிசி, கோதுமை, மாவு, பருப்பு ஆகியவற்றின் மீது 5 சதவிகித ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. அதற்கு முன் பதிவுபெற்ற வணிகப் பெயர் கொண்ட பைகள்தான் வரிக்குள் இருந்தன. ஒரு பையில் 25 கிலோ வரை இருந்தால் வரி உண்டு. 25 கிலோவைத் தாண்டினால் வரி இல்லை. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கினார்கள். வரிக்கு முந்தைய விலையில் 10 கிலோ பை 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை வாங்குபவர் 25 ரூபாய் வரி செலுத்துகிறார். 30 கிலோ மூட்டை வாங்குபவர் ஒரு காசும் செலுத்துவதில்லை. செல்வர்க்கு விலக்கும் வறியவர்க்கு வரியும் இவ்வளவு வெளிப்படையாக எடைக்கல்லில் பொறிக்கப்படுவது அரிது.

இந்த வரியை நீக்கக் கோருவது ஒரு பக்கம். கோரிக்கை நிறைவேறும் வரை மூட்டையைத் தாண்டும் வழியும் வேண்டும். மும்பை தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் 30 கிலோ மூட்டையை எங்கே வைப்பது? குழந்தை படுக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். ஆகவே மூட்டையை மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கிப் பத்துப் பத்துக் கிலோவாகப் பகிர்ந்துகொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. மொத்த விலையும் கிடைக்கும், வரியும் இராது, இடப் பிரச்சினையும் தீரும். உதிரியாக அளந்து விற்கப்படும் அரிசிக்கும் வரி இல்லை என்பதைப் பல தோழர்கள் அறியாதிருக்கிறார்கள். பளபளக்கும் பையை விட்டுச் சாக்கிலிருந்து அளந்து வாங்கச் சொல்வதே ஓர் அரசியல் கல்விதான்.

இந்த வழிமுறைக்கு வயது அதிகம். 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர், பெரும்பாலும் நெசவாளர்கள், ஆளுக்கு ஒரு பவுண்டு சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். விற்ற பொருள்கள் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி. மாவில் சுண்ணாம்பு கலக்காத, எடை குறைக்காத கடை என்பதே அதன் பெருமை. அதை முன்னோடியாகக் கொண்டு 1904இல் சென்னை திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கூட்டுறவு முயற்சிகளைப் பெரிதும் மதித்த மார்க்ஸ், 1864இல் அகிலத்தின் தொடக்க உரையில், சிதறிய முயற்சிகளாக நிற்கும் வரை அவை மக்களின் துயரைத் தீர்க்கா என்றும் எச்சரித்தார். மூன்று வீட்டு மூட்டைக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். ஆனால் போதாது என்பதற்காக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

எதை, எப்போது வாங்குவது என்பதில் வட இந்திய, குஜராத்தி வீடுகளிடம் கற்க நிறைய இருக்கிறது. கோதுமை அறுவடை முடிந்து ஏப்ரல், மே மாதங்களில் சந்தைக்கு வரும்போது ஆண்டுக்கான கோதுமையை வாங்கி, வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் பூசித் தகர டின்னில் அடைப்பது குஜராத்தில் இன்றும் உள்ள வழக்கம். துவரம் பருப்புக்கும் அங்கே அதே எண்ணெய்ப் பூச்சுதான். மாவாக வாங்கினால் சில வாரங்களில் சிக்கு வாடை வரும். மணியாக வைத்திருந்து அவ்வப்போது அரைப்பதே நிலைக்கும். பேரம் பேசுமுன் குறைந்தபட்ச ஆதரவு விலையைத் தெரிந்துகொள்வது நல்லது. 2025-26 கொள்முதல் பருவத்துக்குக் கோதுமைக்குக் குவிண்டாலுக்கு 2425 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கிலோ 24 ரூபாய் 25 காசு. விவசாயிக்குக் கிடைப்பதற்கும் கடைக்காரர் கேட்பதற்கும் உள்ள இடைவெளி எங்கே போகிறது என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும்.

காயாத தானியம் எந்த டின்னிலும் நிற்காது. பல்லில் வைத்துக் கடித்தால் நொறுக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் மீண்டும் வெயிலில் போட வேண்டும். முழுப் பயறுகளில் வண்டு எளிதில் விழும். உடைத்த பருப்பு அவ்வளவு விரைவாகக் கெடாது. பழையதை முன்னே வைத்துப் புதியதைப் பின்னே வைப்பது, சாக்கைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைப்பது ஆகியவை எல்லா வீட்டுப் பெண்களும் அறிந்தவை. ஆண் தோழர்களுக்காகவே இங்கே சொல்லப்படுகின்றன.

அடுப்பே எரிக்க முடியாத நாட்களும் வரும். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலிலும், 2008 ஆகஸ்டில் கோசி ஆற்றுக் கரை உடைந்து பீகாரில் புகுந்த வெள்ளத்திலும் அரிசி மூட்டை இருந்தும் விறகு இல்லாமல், நல்ல தண்ணீர் இல்லாமல் மக்கள் பட்டினி கிடந்தார்கள். ஒடிசாவில் அவலும் வெல்லமும், பீகாரில் அவற்றோடு வறுத்த கடலை மாவும் நெடுங்காலமாக வெள்ளக்கால உணவு. கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் வாழும் குடும்பத்தின் இருப்பில் இரண்டு கிலோ அவலும் ஒரு கிலோ வெல்லமும் கட்டாயம் இருக்க வேண்டும்.

வீட்டில் சேர்த்து வைக்கச் சொல்வது பதுக்கலை ஊக்குவிப்பதாகாதா என்று ஒரு கேள்வி எழக்கூடும். 1943 வங்கப் பஞ்சம் இதற்கு விடை தருகிறது. 1942இல் வங்க வர்த்தகச் சபை தன் உறுப்பு நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கென்று தனி உணவுத் திட்டம் தொடங்கியது. கல்கத்தாவின் ஆலைகளும் அரசுத் துறைகளும் எந்த விலைக்கும் அரிசி வாங்கின. வணிகர்கள் பதுக்கினர். கூலி விவசாயிகளும் மீனவர்களும் விலைக்கு வாங்க வழியின்றி மாண்டனர். சுமார் 30 லட்சம் பேர் இறந்ததாகப் பலரும் மதிப்பிடுகின்றனர். பஞ்சத்தின் காரணம் ஏழை வீட்டுப் பானையில் இருந்த அரிசி அன்று. அந்த ஆண்டு மார்ச் மாதம் கல்கத்தாவில் மகளிர் தற்காப்புச் சங்கத்தின் தலைமையில் பெண்கள் அரிசி கேட்டுச் சட்டமன்றத்துக்கு ஊர்வலம் சென்றனர். கட்டுப்பாட்டு விலைக் கடைகளைக் கோரினர். இன்றைய நியாயவிலைக் கடையின் பின்னே அந்தப் பெண்களின் காலடிகளும் உண்டு. பதுக்கலைத் தடுக்கும் 1955ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தைத்தான் 2020இல் வேளாண் சட்டங்களோடு சேர்த்துத் தளர்த்தினார்கள். கெடாத உணவுப் பொருளின் சில்லறை விலை 50 சதவிகிதம் ஏறினாலன்றி இருப்பு வரம்பு விதிக்கக் கூடாது என்றார்கள். விவசாயிகள் ஓராண்டு தில்லி எல்லையில் அமர்ந்து 2021 நவம்பரில் அதையும் திரும்பப் பெறவைத்தார்கள். 2023 ஜூனில் அதே அரசே கோதுமைக்கு இருப்பு வரம்பு விதிக்க நேர்ந்தது!

நாட்டுக்கும் ஒரு சேமப்பானை உண்டு. மத்தியத் தொகுப்பில் ஜூலை 1 அன்று அரிசியும் கோதுமையும் சேர்த்து 411.20 லட்சம் டன் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் 50 லட்சம் டன் அவசரகாலத்துக்கு மட்டுமே உரியது. அந்தப் பானையின் மூடி யார் கையில்? கர்நாடக அரசு ஆளுக்குக் கூடுதலாக 5 கிலோ அரிசி வழங்க முன்வந்தபோது, 2023 ஜூனில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு வெளிச்சந்தைத் திட்டத்தில் அரிசி விற்பதை நிறுத்தியது. பணம் கொடுத்து மொத்தமாக வாங்க ஒரு மாநிலமே தயாராயிருந்தும் மூட்டை கிடைக்கவில்லை; கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் ஆளுக்கு 170 ரூபாய் பணமாக வழங்க நேர்ந்தது. 2024இல்தான் மாநிலங்கள் வாங்க மீண்டும் வழி திறந்தது. மேலும், சட்டத்தின் கீழ் வரும் 81.35 கோடிப் பேர் என்ற எண்ணிக்கை இன்னமும் 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் உறைந்து கிடக்கிறது. அதற்குப்பின் பிறந்த குழந்தைகள் பள்ளிப்படிப்பின் பெரும்பகுதியை முடித்துவிட்டார்கள்.

கிளைகள் மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டியது இது. பகுதியில் அட்டை இல்லாத குடும்பங்கள், பெயர் விடுபட்ட குழந்தைகள், வேறு மாநில அட்டையோடு வந்திருக்கும் தொழிலாளர்கள் ஆகியோரின் பட்டியல் முதலில். வேறு மாநில அட்டைக்கும் இங்கே தானியம் தரவேண்டும். ஒரே நாடு ஒரே அட்டைத் திட்டத்தை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. அடுத்து, தெருவுக்கு மூன்று வீடு என்ற கணக்கில் கூட்டு மூட்டை. பணம் வாங்கும்போதே சிட்டை எழுதுக; எடைபோடும்போது மூவரும் உடனிருக்க வேண்டும்; சாக்கைப் பிரித்த தேதியைக் கரியால் டின்மீது குறித்துவைக்க வேண்டும்.