முகிலில் எங்கள் விலாசம்

(நூற்றாண்டு விழாவில் வைத்தியத் துறையிலுள்ள பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர்கள் மேடையேறினால் சீனி வியாதி பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது வழக்கம். இன்று நாங்கள் பேச வந்தது ‘ஸ்மார்ட் சிட்டி’ பற்றி. லயத்துக்கும் ஸ்மார்ட் சிட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசையில் ஒரு சிரிப்பொலி கேட்கிறது. சம்பந்தம் உண்டு. பெயர்ப் பதிவேடுதான் அந்தச் சம்பந்தம்.

தானாக அணையும் தெருவிளக்கு, சந்திக்குச் சந்தி கமரா, நேரம் சொல்லும் பஸ் தரிப்பிடம் என்று ஸ்மார்ட் சிட்டியைப் படங்களில் காட்டுவார்கள். அவையெல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருப்பது ஒரு பேரேடு. விளக்கும் பஸ்ஸும் தண்ணீர் மீற்றரும் மழைமானியும் வைத்தியசாலைக் கட்டிலும் அந்த ஒரே பேரேட்டில் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கின்றன. இதைத்தான் தரவுத்தளம் என்கிறோம். ஒன்றோடொன்று தொடர்புபட்ட அட்டவணைகளாகத் தரவை அடுக்கும் முறையை 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் கோட் எழுதிவைத்தார். 1977இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஒராக்கிள் அதை விற்றே உலகப் பெரும் நிறுவனமானது. 2006இல் அமேசன், கணினிகளைத் தானே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடத் தொடங்கியது. மைக்ரோசொஃப்டும் கூகிளும் பின்தொடர்ந்தன. அந்த வாடகைக் கணினிக்குத்தான் ‘முகில்’ என்று பெயர். நானு ஓயாவில் இறங்குகிறவருக்கு முகில் என்றால் குளிரும் மழையும். இந்த முகில் வேறெங்கோ ஒரு நாட்டில் பூட்டிய கட்டடத்துக்குள் இருக்கிறது. நகரம் எங்களுடையதாக இருக்கலாம், பேரேடு இருக்கும் வீடு வாடகை வீடு.

பேரேட்டின் பலம் என்னவென்று மலையகத்தாருக்கு எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பெரட்டுக்களத்தில் கணக்குப்பிள்ளையின் செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். முழுப்பேரா அரைப்பேரா என்பதை அந்த ஏடு தீர்மானித்தது. கூலிக்கே ‘பேர்’ என்று பெயர் வைத்த சமூகம் நாங்கள். அதற்கு முன்பு கங்காணியின் ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அது ஒழிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பாட்டிமாரை ஒரு பதிவேட்டிலிருந்து வெளியேற்றியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கிடையே பட்டியலிட்டுப் பிரித்தது. மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம்தான் வழிவிட்டது. இந்த மண்டபத்திலுள்ள எத்தனையோ குடும்பங்களின் கதையை அந்த நான்கு ஆண்டுகளுக்குள் சொல்லிவிடலாம்.

ஆகவே புதிய பேரேடு வருகிறது என்றால் நாங்கள் கேட்கும் முதற் கேள்வி, அதில் எங்கள் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்பதுதான்.

நல்லதிலிருந்து தொடங்குவோம். 2010 ஏப்ரலில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பெருமழை பெய்து, குன்றுச் சரிவுகளில் வீடு கட்டி வாழ்ந்த ஏழை மக்கள் மண்ணில் புதைந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மாநகர சபை ஐ.பி.எம். நிறுவனத்தைக் கொண்டு ஒரு கட்டுப்பாட்டு நிலையம் அமைத்தது. மழை, போக்குவரத்து, மின்சாரம், அம்புலன்ஸ் என்று சுமார் முப்பது அமைப்புகளின் தரவு ஒரே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. குன்றுக் குடியிருப்புகளில் சைரன்களும் பொருத்தப்பட்டன. ஸ்மார்ட் சிட்டி வியாபாரத்துக்கு இது உலகெங்கும் விளம்பரமாயிற்று. விளம்பரம் ஒருபுறம் இருக்கட்டும். மலைச்சரிவில் வாழும் எவரும் இந்தத் தேவையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

எங்களிடமும் அதன் ஒரு பாதி இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மழைமானிகள் தாமாகவே அளவை அனுப்புகின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் அவதானம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேறு என்று படிமுறையும் வகுத்திருக்கிறார்கள். மறுபாதி கைபேசிச் செய்தி யாருக்கு, எந்த மொழியில், எந்த லயத்துக்குப் போகிறது என்பது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்தது. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டு, பிறகு குறைந்துகொண்டே வந்தது. லயத்தில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள் என்று உடனே உறுதியாகச் சொல்ல எவராலும் முடியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டியையும் நுவரெலியாவையும் பதுளையையும் கிழித்துப்போட்டபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது. எவ்வளவு விலையுயர்ந்த தரவுத்தளமாக இருந்தாலும், எழுதப்படாத பெயரை அதனால் தேடித்தர முடியாது.

கிளினிக்கில் நாங்கள் தினமும் பார்ப்பதைச் சொல்கிறோம். ஒரே தோட்டத்தின் ஒரே பிரிவிலிருந்து மூன்று மாரியம்மாக்கள் வருவார்கள். மூவரின் தகப்பன் பெயரும் ‘க’வில் தொடங்கும். மூவருக்கும் ஒரே விலாசம், ‘மேற்பிரிவு’, அதன் கீழே தோட்டத்தின் பெயர். லயக் காம்பிராவுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஒபிசுக்குத்தான் வரும். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், அடையாள அட்டையில் சிங்கள உச்சரிப்பின்படி இன்னொரு விதம், கர்ப்பிணித் தாய்மாரின் எச் 512 அட்டையில் மருத்துவ மாது காதால் கேட்டபடி மூன்றாவது விதம் என்று பெயரும் மாறி மாறி இருக்கும். அடையாள அட்டை இலக்கத்தை வைத்துச் சரிபார்க்கலாம் என்பீர்கள். அந்த இலக்கத்தில் பிறந்த ஆண்டும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் ஒளிந்திருக்கின்றன. (பெண்ணென்றால் நாளோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். எங்களுக்குத்தான் கனம் அதிகம்!) ஆனால் உத்தேச வயதுச் சான்றிதழ் வைத்து அட்டை எடுத்த ஒரு தாயின் வயது அந்த இலக்கத்திலேயே பிழையாகப் பதிந்துவிடும்.

காகிதக் கொப்பியில் இது சமாளிக்கக்கூடிய விஷயம். முகத்தைப் பார்த்து, “எந்த மாரியம்மா, பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்து லயமா?” என்று கேட்டுவிடுவோம். கணினி அப்படிக் கேட்பதில்லை. ஒரே பெயர், ஒரே விலாசம் என்றால் இரண்டு பேரை ஒருவராக்கிவிடும். எழுத்து மாறினால் ஒருவரை இருவராக்கிவிடும். பெனிசிலின் ஒவ்வாமை ஒருத்தியின் பக்கத்தில் பதிந்திருக்க, ஊசி மற்றவளுக்குப் போனால் என்ன நடக்கும் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. இந்திய மானியத்தில் 150 கட்டில்களுடன் டிக்கோயாவில் எழுந்து 2017 மே மாதம் திறக்கப்பட்ட வைத்தியசாலையிலிருந்து கண்டிக்கு மாற்றப்படும் தாய் தன் அட்டைகளை சொப்பிங் பேக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறாள். அவளுக்கு அதுதான் முகில்.

வாடகை வீட்டின் கதைக்கு வருவோம். 2021இல் எங்கள் நாட்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் தரவுகள் அரச முகிலிலிருந்து அழிந்துபோயின. எந்த மருந்தை நாட்டுக்குள் விடலாம் என்று தீர்மானிக்கும் சபை அது. விசாரணை குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை சென்றது. 2023இல் கப்பம் கேட்கும் நச்சுநிரல் அரச முகிலைத் தாக்கி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. பாதிக்கப்பட்ட சுமார் 5,000 கணக்குகளில் அமைச்சரவை அலுவலகமும் ஒன்று. பழைய மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள், அந்தக் காலப்பகுதிக்கு மறுபிரதியும் இல்லை. உள்நாட்டில் வைத்தாலும் ஆபத்து, வெளிநாட்டில் வைத்தாலும் ஆபத்து என்று சொல்லிக் கைவிரிக்க வேண்டாம். இரண்டு இடத்திலும் காக்கும் மருந்து மறுபிரதிதான். அது மலிவானது, அலுப்பூட்டுவது, எனவே எவரும் செய்ய விரும்பாதது.

பேர்மிங்ஹாமிலிருக்கும் தோழியருக்கு இன்னொரு கதை தெரியும். அந்த மாநகர சபை 2022 ஏப்ரலில் தன் கணக்கு வழக்குகளை ஒராக்கிளுக்கு மாற்றியது. 19 மில்லியன் பவுண் என்று தொடங்கிய செலவு 100 மில்லியனை நோக்கிப் போனது. 2023 செப்டெம்பரில் சபை கையில் பணமில்லை என்று அறிவித்தது. பெண் ஊழியரின் சமசம்பள வழக்குகளே அதற்குப் பெருங் காரணம் என்றாலும், இந்தப் புதிய பேரேடும் தன் பங்கைச் செய்தது. ரொறன்ரோவிலிருப்போர் கூகிளின் சகோதர நிறுவனம் 2017இல் ஏரிக்கரையில் கட்டுவதாகச் சொன்ன நகரத்தை மறந்திருக்கமாட்டார்கள். தெருவில் சேரும் தரவு யாருக்குச் சொந்தம் என்று அயலவர்கள் விடாமல் கேட்டார்கள். 2020 மேயில் நிறுவனம் விலகியது. பொருளாதார நிலையே காரணம் என்றார்கள். கேட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பது எங்கள் எண்ணம்.

பெரிய கம்பனி இல்லாமல் எதுவும் நடக்காது என்று நினைக்கவும் வேண்டாம். 2020 ஜனவரியில், முதல் கொவிட் நோயாளி கண்டறியப்படுவதற்கு முன்பே எங்கள் சுகாதாரத் துறையினர் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் இலவசத் திறந்த மென்பொருளான டி.எச்.ஐ.எஸ். 2இல் விமான நிலையப் பயணிகளுக்கான பதிவேட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துப் பல நாடுகள் தமக்கென்று எடுத்துக்கொண்டன. வரப்போகும் எண்ணிம அடையாள அட்டையும் பெங்களூரில் பிறந்த ஒரு திறந்த மென்பொருளில்தான் அமையவிருக்கிறது. சட்டமும் இருக்கிறது: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். பிரதேச சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாயிருந்த சட்டமும் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இனிமேல் லயத்துக்கு விலாசம் கொடுக்க முடியாது என்று சொல்ல எவருக்கும் சாட்டில்லை.

கொழும்பிலும் சென்னையிலும் லண்டனிலும் இந்தக் கம்பனிகளில் வேலை செய்யும் எங்கள் தங்கைமார் பலர். உங்கள் மேசைக்கு ஒரு படிவத்தின் வரைபு வரும்போது விலாசப் பகுதியில் ‘வீதி இலக்கம்’ கட்டாயம் என்று போட்டிருந்தால், அதை ஒருமுறை உரக்கக் கேளுங்கள். பெயரைத் தமிழில் எழுத இடமிருக்கிறதா, தகப்பன் பெயரை முதலெழுத்தாகக் கொண்டவரின் ‘குடும்பப் பெயர்’ என்ன, ஒப்பந்தம் முடிந்தால் தரவு எந்த வடிவில் திரும்பி வரும் என்பதையும் கேளுங்கள். இதற்கு வைத்தியர் தேவையில்லை. லயத்தில் பிறந்திருந்தால் போதும்.

கடைசியாக ஒரு வீட்டு வேலை. எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் இந்த ஆண்டு கொப்பியிலிருந்து முகிலுக்கு ஏறுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்சுப் பிரதியெடுத்து அதிபரின் அலுமாரியில் வைப்பதாகச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. படிவம் மலருடன் வருகிறது. பெயரை நீங்கள் எழுதும் எழுத்திலேயே எழுதுங்கள், திருமணத்துக்கு முந்திய பெயரையும் சேருங்கள். விலாசத்துக்கு மூன்று வரிகள் விடச் சொல்லியிருக்கிறோம்: தோட்டம், பிரிவு, லய இலக்கம்.