இரவல் போன தாலாட்டு



பேராக் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் பலர் வீட்டில் இன்னும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். உள்ளே பழைய கேசட்டுகள். நாங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் குடிவந்த அன்று, லாரியில் அம்மா மடியிலேயே வைத்திருந்தது எங்கள் வீட்டு டின்னைத்தான்.

நண்பர் ஒருவர் அதிலிருந்து ஒரு கேசட்டை இரவல் கேட்கிறார், "ரெண்டு நாள்ல தந்துடுறேன்" என்று. கொடுக்கலாமா?

சினிமாப் பாட்டு என்றால் தாராளமாகக் கொடுங்கள். தொலைந்தாலும் வேறு கிடைக்கும். ஆனால் லயத்து வீட்டுத் திண்ணையில் பாட்டி பாடிய தாலாட்டு? தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பதிந்த உறுமி மேளம்? அதற்கு உலகத்திலேயே அந்த ஒரு நாடாதான். எங்கள் பாட்டியின் குரல் இரவல் போய்த் திரும்பியபோது, அதன்மேல் காற்பந்து வர்ணனை பதிவாகியிருந்தது. அம்மா அன்று சாப்பிடவில்லை.

கேசட்டின் முதுகு விளிம்பில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் ரெக்கார்டரின் பதிவுப் பொத்தான் இறங்காது. மேலே யாரும் தவறிப்போய்ப் பதிந்துவிட முடியாது. எங்களுக்கு அது அப்போது தெரியாது.

நம் ஊர் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறது. அதனால் பூட்டி வைப்பதும் காப்பாற்றுவது ஆகாது. 90 நிமிடக் கேசட்டை ஓடவிட்டுக் கைப்பேசியில் பதிய 90 நிமிடம் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னைத் திறங்கள். பிரதியை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். மூலக் கேசட்டை மட்டும் வாசல் தாண்ட விடாதீர்கள்.